சூழ்நிலையும் தீர்ப்பும்: மருத்துவபீட அனுமதிப் பரீட்சைகள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

ஒரு சமுதாயம் தனது வைத்தியர்களை எவ்வாறு தெரிவு செய்கின்றது என்பது, நல்ல மனிதன் யார் என்பது பற்றி அச்சமுதாயத்தின் அதிகாரம் படைத்தோர் கொண்டுள்ள எண்ணத்தைப் புலப்படுத்தும் சான்றுகளுள் ஒன்றாகும். விஞ்ஞானப் பாடங்களிற் பெறும் புள்ளிகள் மாத்திரம் நல்ல வைத்தியரை இனங்காட்டப் போதியன அல்ல என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்துள்ளது. பரிவு, நேர்மை, பொறுப்புணர்ச்சி, பிறரோடு கூடித் தொழிற்படும் பாங்கு ஆகியனவும் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருத்தற்கில்லை. இவற்றை அளக்க முடியுமா, முடியுமாயின் எவ்வாறு என்பதே பிரச்சினை. பெல்ஜியம், பிரித்தானியா, கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகியவற்றின் மருத்துவபீடங்கள் பல இப்பிரச்சினைக்குக் கண்டுள்ள விடைகளுள் ஒன்று சூழ்நிலைத் தீர்ப்புப் பரீட்சை ஆகும். கடந்த கால் நூற்றாண்டில் இதனைப் பற்றிய ஆராய்ச்சி பெருகியுள்ளது. அவ்வாராய்ச்சி எதனை நிறுவியுள்ளது, எதனை நிறுவாது விட்டுள்ளது, எதனை வினவாதே கடந்து சென்றுள்ளது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உளவியலாளரும் மருத்துவக் கல்வியாளரும் உழுதுவரும் இந்நிலத்தில் இலக்கிய ஆராய்ச்சியாளருக்கு என்ன வேலை என்ற வினா எழுதல் இயல்பே. இப்பரீட்சை சூத்திரங்களால் ஆனதன்று, கதைகளால் ஆனது. ஒவ்வொரு வினாவும் சில வரிகளில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றது. அதிற் பாத்திரங்கள் உளர், முரண்பாடு உண்டு, அம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழிகள் சில தரப்படுகின்றன. அவற்றை எடைபோடுவதே பரீட்சார்த்தியின் கடமை. கதையைக் கூறி, அதன் முடிவிலே தீர்ப்பைக் கேட்கும் மரபு எமக்குப் புதியதன்று. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்டவை யாவும் இவ்வகையினவே. விடை தெரிந்தும் கூறாதுவிடின் தலை சுக்குநூறாகும் என்ற நிபந்தனையும் அங்கு உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. விக்கிரமாதித்தன் தன் தீர்ப்புக்குக் காரணம் கூறுகின்றான். கேட்போரும் அக்காரணத்தை எடைபோட்டு உடன்படலாம், மறுக்கலாம். இன்றைய பல்தேர்வுத் தாளிற் காரணத்துக்கு இடமில்லை. விடை பொருந்தியதா இல்லையா என்பதே அங்கு கணக்கில் எடுக்கப்படுகின்றது. கதையின் உருவம் இவ்வாறு மாறும்போது அதன் சமூகப் பணியும் மாறுகின்றது என்பது இலக்கிய ஆய்வின் பாலபாடம்.

2

பரீட்சையின் அமைப்பை முதலில் நோக்குவோம். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் மருத்துவ, பல்மருத்துவ பீடங்கள் கூட்டாக நடத்தும் அனுமதிப் பரீட்சை 2006 ஆம் ஆண்டிலே தொடங்கியது. 2013 இல் அதனோடு சூழ்நிலைத் தீர்ப்புப் பகுதி சேர்க்கப்பட்டது. இப்பகுதியில் 69 வினாக்கள் உள. அவற்றுக்கு வழங்கப்படும் நேரம் 26 நிமிடம். அதாவது ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 23 விநாடி. மருத்துவ அறிவு எதுவும் தேவையில்லை. தரப்படும் செயல் மிகப் பொருத்தமானதா, பொருத்தமானதெனினும் உகந்ததன்றா, பொருத்தமற்றதெனினும் மோசமன்றா, மிகவும் பொருத்தமற்றதா என்று தரங்காண வேண்டும். அல்லது ஒரு விடயம் தீர்மானத்துக்கு எவ்வளவு முக்கியமானது எனக் கூற வேண்டும். வல்லுநர் குழுவொன்று முன்னரே நிர்ணயித்த விடையோடு முற்றாகப் பொருந்தின் முழுப்புள்ளி, அண்மித்திருப்பின் பகுதிப்புள்ளி. பெறுபேறு நான்கு பட்டைகளாக வகுக்கப்படுகின்றது. நான்காம் பட்டையில் வீழ்வோரின் விண்ணப்பங்களைக் கருத்திற்கொள்ளாத மருத்துவபீடங்கள் உள. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் இவ்வகைப் பரீட்சையில் 30 சூழ்நிலைகளும் 186 வினாக்களும் 75 நிமிடமும் உண்டு. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் உருவான பரீட்சை சற்று வேறுபட்டது. அங்கு பரீட்சார்த்தி தன் விடையைத் தன் சொல்லிற் கூறுகின்றார். ஒவ்வொரு சூழ்நிலையையும் வெவ்வேறு மதிப்பீட்டாளர் வாசித்துப் புள்ளியிடுகின்றனர். நாம் மேலே குறிப்பிட்ட குறை இவ்வடிவத்துக்கு அத்துணை பொருந்தாது.

வினாக்களின் இயல்பை விளக்க, பயிற்சிக்கென வெளியிடப்படும் மாதிரிகளின் போக்கிலே நாமே ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். பயிலுநர் வைத்தியர் ஒருவர் இரவுக் கடமையை முடிக்கும் தறுவாயில் உள்ளார். அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டிய சகவைத்தியர் அவ்வாரத்தில் மூன்றாம் முறையாகத் தாமதித்து வருகின்றார். பின்வரும் செயல்கள் எத்துணைப் பொருத்தமானவை? சகவைத்தியரைத் தனியே அழைத்துக் காரணத்தை வினவுதல். விடுதியில் நோயாளர் கேட்கும்படி கண்டித்தல். மேற்பார்வை வைத்தியருக்கு உடனே அறிவித்தல். எதுவும் கூறாது தொடர்ந்து வேலை செய்தல்.

விடை காண்பது கடினமன்று. தனியே வினவுதல் முதற்றரமானது, நோயாளர் முன் கண்டித்தல் இழுக்கானது, மேலிடத்துக்கு அறிவித்தல் ஏற்புடையதாயினும் அவசரமானது, வாளாவிருத்தல் பொறுப்பற்றது. இத்தீர்ப்புகள் பிழையானவை என்று நாம் கூறவரவில்லை. நல்லுணர்வுள்ள எவரும் ஏறத்தாழ இவ்வாறே கூறுவர். ஆயின் இக்கதையை ஒரு கதையாக வாசிக்கும்போது, அது கூறாது விட்டவை எமது கவனத்தை ஈர்க்கின்றன. அவ்விடுதியில் அன்றிரவு எத்தனை வைத்தியர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தனர்? சகவைத்தியரின் முன்னைய கடமை எத்தனை மணிக்கு முடிந்தது? கடமைப் பட்டியலை வகுத்தவர் யார்? மூன்று நாள் தாமதம் ஒருவரின் குணக்குறையா, ஆளணிக் குறைவின் அறிகுறியா? கதையின் களம் வைத்தியசாலை. ஆயின் வைத்தியசாலை என்ற நிறுவனம் கதைக்குள் இல்லை. அது மேடையின் பின்திரையாகத் தொங்குகின்றது. எஞ்சியிருப்பது இரு தனிமனிதரின் நடத்தை மாத்திரமே.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. தரப்படும் செயல்களின் எல்லை எங்கு முடிகின்றது என்பதைக் காண்க. தனியே பேசலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம், தானே சுமக்கலாம், விட்டுவிடலாம். விடுதியின் வைத்தியரும் தாதியரும் கூடிக் கடமைப் பட்டியலை மாற்றும்படி கூட்டாகக் கோரலாம் என்ற ஐந்தாவது வழியை எமது எடுத்துக்காட்டில் நாம் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சேர்க்கப்படாமையை வாசகர் உடனே உணர்ந்தாரா என்பதே எமது கேள்வி. உணரவில்லையெனின், இவ்வகைக் கதையின் உருவம் தன் பணியைச் செவ்வனே செய்துவிட்டது எனலாம். செயலின் அலகு தனிமனிதன் என்பதை அது வாதிட்டு நிறுவுவதில்லை, எடுகோளாகவே தந்துவிடுகின்றது. கருத்துநிலை மிக வலுவாகத் தொழிற்படுவது இவ்வாறுதான்.

3

இவ்வுருவம் எங்கிருந்து வந்தது? இதன் வரலாறு அதன் இயல்பை விளக்குகின்றது. 1940களில் அமெரிக்கத் தொழிற்றுறையில் மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யவும் மதிப்பிடவும் இத்தகைய பரீட்சைகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயரே ‘எவ்வாறு மேற்பார்வை செய்வது?’ என்பதாகும். தொழிலாளரை எவ்வாறு நடத்துவது, பிணக்குகளை எவ்வாறு முற்றாது தணிப்பது என்பவை அதன் பொருள். பின்னர் 1990 இல் மொற்றோவிட்லோவும் அவருடன் ஆய்வுசெய்தோரும் தொலைத்தொடர்புத் துறையின் முகாமையாளரைத் தெரிவு செய்வதற்கென அமைத்த பரீட்சை பற்றி எழுதிய கட்டுரை இத்துறைக்குப் புத்துயிர் அளித்தது. அங்கிருந்தே இது மருத்துவத்துக்கு வந்தது. எனவே, மூலதனத்தின் சார்பில் உழைப்பை நிருவகிக்கும் இடைநிலையாளருக்காக உருவான ஒரு கருவி, நோயாளரைப் பேணும் தொழிலுக்கு ஆட்களைத் தெரியும் கருவியாக மாற்றம் பெற்றுள்ளது. தோற்றம் ஒன்றினாலேயே ஒரு கருவியைத் தள்ளிவிடுதல் கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். ஆயினும் கருவியோடு சேர்ந்து அதன் பார்வைக் கோணமும் இடம்பெயர்ந்ததா என வினவுதல் ஆய்வாளர் கடன். சகவூழியரைத் தணித்து, மேலிடத்துக்கு உரிய முறையில் உரிய வேளையில் அறிவித்து, முரண்பாடு வெளித்தெரியாது காக்கும் மனிதன் இரு இடங்களிலும் முன்மாதிரியாக நிற்பது தற்செயல் எனக் கூறுதல் அரிது.

4

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். இங்கு நாம் நடுநிலை தவறாது நோக்குதல் அவசியம். எமக்கு உவப்பற்ற ஒன்றின் சான்றுகளைக் குறைத்து மதிப்பிடுவது விமரிசனம் ஆகாது.

மிக விரிவான ஆய்வுகள் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியிலே செய்யப்பட்டவை. 1997 முதல் அங்கு மருத்துவக் கல்விக்குப் பொது அனுமதிப் பரீட்சை நடைபெற்று வருகின்றது. வைத்தியரும் நோயாளரும் உரையாடும் காட்சிகளைத் திரையிற் காட்டி வினாக்கேட்கும் பகுதி ஒன்றும் அதிற் சேர்க்கப்பட்டது. பிலிப் லீவன்ஸ் என்ற உளவியலாளரும் அவருடன் ஆய்வுசெய்தோரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வு, இப்பகுதியிற் பெற்ற புள்ளிகள் ஆளிடைத் தொடர்பைப் பொருளாகக் கொண்ட பாடங்களின் பெறுபேற்றை எதிர்வுகூறின என்றும், விஞ்ஞானப் பாடங்களின் பெறுபேற்றை அவ்வாறு எதிர்வுகூறவில்லை என்றும் காட்டியது. 2012 இல் லீவன்ஸும் சாக்கெற்றும் வெளியிட்ட ஆய்வு மேலும் முக்கியமானது. நான்கு ஆண்டுகளில் அனுமதி பெற்ற 723 மாணவரை அவர்கள் தொழில் புகும்வரை தொடர்ந்தனர். அனுமதியின்போது பெற்ற புள்ளி, ஏழு ஆண்டுகளின் பின்னர் பயிலுநர் நிலையில் அவர்கள் பெற்ற மதிப்பீட்டோடும், ஒன்பது ஆண்டுகளின் பின்னர் தொழிலிற் பெற்ற மதிப்பீட்டோடும் தொடர்புற்றிருந்தது. இணைபுக் குணகம் 0.2 ஐ அண்மித்தது. இது சிறிய எண்ணே. வேறுபாட்டின் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கையே அது விளக்கும். ஆயினும் ஒன்பது ஆண்டு இடைவெளியில் இவ்வளவேனும் நிலைத்திருப்பதைப் புறக்கணித்தல் நேர்மையாகாது.

அதே ஆய்வாளர் இருவரும் 2006 இல் வெளியிட்ட கட்டுரை இலக்கிய மாணவருக்குத் தனிச் சுவை பயப்பது. ஒரே சூழ்நிலைகளைத் திரைக்காட்சியாகவும் எழுத்தாகவும் வழங்கி ஒப்பிட்டபோது, திரைக்காட்சி வடிவமே ஆளிடைத் திறனைச் சிறப்பாக எதிர்வுகூறியது. எழுத்து வடிவமோ பொது அறிதிறனோடு கூடுதலான தொடர்பு கொண்டிருந்தது. உள்ளடக்கம் ஒன்றாயினும் உருவம் மாறியபோது அளக்கப்பட்ட பொருளே மாறிவிட்டது! முகக்குறிப்பும் குரலும் தயக்கமும் நீங்கிய எழுத்திலே, பரிவை உணரும் ஆற்றலினும் வாக்கியத்தைப் பகுத்துணரும் ஆற்றலே மேலோங்குகின்றது போலும். உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்து நோக்கலாகாது என்று நாம் இலக்கியத்தில் வலியுறுத்தி வருவதை உளவியலாளர் புள்ளிவிபரத்தால் மெய்ப்பித்துள்ளனர். இவ்வாறிருந்தும் பிரித்தானியப் பரீட்சை எழுத்து வடிவிலேயே நடைபெறுகின்றது.

வினாவின் சொல்லமைப்பும் விளைவைப் பாதிக்கின்றது. ‘நீர் என்ன செய்வீர்?’ என்று கேட்பதும் ‘என்ன செய்தல் தகும்?’ என்று கேட்பதும் ஒன்றல்ல. மக்டானியலும் பிறரும் 2007 இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி முன்னையது ஆளுமைக் கூறுகளோடும் பின்னையது அறிதிறனோடும் கூடுதலாகத் தொடர்புற்றுள்ளது. அனுமதிப் போட்டியிற் பொய்யுரைத்தலைத் தவிர்ப்பதற்காகப் பின்னையதே விரும்பப்படுகின்றது. இதனால் பரீட்சை அளப்பது நடத்தையை அன்று. எது தகும் என்று கருதப்படுகின்றது என்பது பற்றிய அறிவையே. லீவன்ஸும் சாக்கெற்றும் இதனை ஒளிக்கவில்லை. செயல்முறை அறிவு என்றே குறிப்பிடுகின்றனர். அறிவு என ஆய்வாளர் அடக்கமாகக் கூறியது, அனுமதிக் கொள்கையின் மொழியில் நேர்மை, விழுமியம், பண்பு என உருமாறிவிடுகின்றது. ஆராய்ச்சிக்கும் அதன் பயன்பாட்டுக்கும் இடையிலுள்ள இச்சொல்மாற்றத்திலேதான் கருத்துநிலையின் கைவண்ணம் காணப்படுகின்றது.

அறிவாயின் அது கற்பிக்கத்தக்கது, கற்பிக்கத்தக்கதாயின் விற்கத்தக்கது. பிளாண்டர்ஸில் 2012 இல் வெளியான மற்றோர் ஆய்வு, பணங்கொடுத்துத் தனியார் போதனை பெற்றோரின் புள்ளி ஏறத்தாழ அரை நியமவிலகல் அளவுக்கு உயர்ந்தமையைக் கண்டது. பரிவுடைமைக்கு ரியூட்டறி வைத்தாயிற்று என்பதே இதன் பொருள்.

எனினும் மறுபக்கமும் உண்டு. பிரித்தானிய விண்ணப்பதாரர் பற்றி 2016 இல் வெளியான ஆய்வில், உயர்ந்த சமூகப் படிநிலையினருக்கும் தாழ்ந்த படிநிலையினருக்கும் இடையிலான புள்ளி வேறுபாடு அறிதிறன் பரீட்சைகளிற் காணப்பட்டதைவிடத் தீர்ப்புப் பரீட்சையிற் குறைவாகவே இருந்தது. இச்செய்தியை முற்போக்காளர் அலட்சியம் செய்தல் ஆகாது. பிரித்தானிய மருத்துவபீடங்களின் பேரவை 2014 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூன்றாண்டுக் காலத்தில் அந்நாட்டுப் பாடசாலைகளுள் ஏறத்தாழ அரைவாசியிலிருந்து ஒருவரேனும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கவில்லை; விண்ணப்பதாரருள் 80 வீதமானோர் 20 வீதமான பாடசாலைகளிலிருந்து வந்தனர். இத்தகைய கோட்டையின் மதிலிற் சிறு துவாரத்தையேனும் ஒரு கருவி ஏற்படுத்துமாயின் அதனை எளிதில் எள்ளி நகையாடலாகாது. ஆயினும், விண்ணப்பமே செய்யாத அரைவாசிப் பாடசாலைகளின் பிள்ளைகளை எப்பரீட்சையும் தெரிவு செய்யப்போவதில்லை என்பதும் அவ்வறிக்கையாலேயே விளங்குகின்றது.

5

ஆராய்ச்சி வினவாது விட்டது எது? புள்ளித்திட்டத்தின் அதிகாரம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதே அவ்வினா. கணிதத்தில் விடை சரியெனின் அதற்கு நிறுவல் உண்டு. இங்கு விடையின் நிறுவல் வல்லுநரின் ஒத்த கருத்தாகும். வல்லுநரிடையே போதிய ஒற்றுமை இல்லாத வினாக்கள் நீக்கப்படுகின்றன. தொழில்நுட்ப நோக்கில் இது நியாயமானதே. ஆயின் இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு தொழிலுக்குள் உண்மையான அறமுரண்பாடு எங்கு நிலவுகின்றதோ அங்கேதான் அத்தொழிலினர் கருத்து வேறுபடுவர். அவ்வினாக்கள் நீங்கியபின் எஞ்சுபவை எல்லோரும் உடன்படுபவை. கிராம்சி பொதுப்புத்தி எனக் குறிப்பிட்டது, வரலாற்றின் படிவுகள் கேள்விக்குள்ளாகாது தங்கிக்கிடக்கும் இத்தகைய ஒத்த கருத்தையே. தீர்ப்புப் பரீட்சை என்னும் பெயர் கொண்ட கருவி, தீர்ப்புத் தேவைப்படும் இடங்களைக் களைந்துவிட்டு, தீர்ப்பு ஏற்கனவே வழங்கப்பட்ட இடங்களையே கேட்கின்றது.

பரீட்சையின் தகுதியை நிறுவப் பயன்படும் பிரமாணமும் இவ்வாறானதே. பின்னாளிற் சிறந்த வைத்தியர் யார் என்பதை, இத்தகைய ஆய்வுகளிற் பெரும்பாலும் மேற்பார்வையாளரின் மதிப்பீடே தீர்மானிக்கின்றது. மூத்தோர் ஒரு சாரார் விடையை வகுக்கின்றனர். மூத்தோர் மற்றொரு சாரார் இளையோரை மதிப்பிடுகின்றனர். இரண்டும் சிறிதளவு பொருந்துகின்றன. மூத்தோரின் எதிர்பார்ப்பை முன்கூட்டி உணர்ந்தோர் பின்னரும் அவ்வாறே உணர்கின்றனர் என்பதை இது காட்டும். மூத்தோர் சரியானவராயின் இது நன்றே. அவர் தவறும்போது அதைச் சுட்டும் இளையோனை இவ்வட்டம் எவ்வாறு இனங்காணும்? நோயாளியின் குரல் இவ்வட்டத்தில் எங்கு உள்ளது?

ஒத்த கருத்தின் ஆபத்துக்கு மருத்துவ அனுமதியின் வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. இலண்டனின் சென் ஜோர்ஜ் வைத்தியசாலை மருத்துவக் கல்லூரியில் விண்ணப்பதாரரை முதற்கட்டமாக வடிப்பதற்கு 1980களிற் கணினி நிரல் ஒன்று பயன்படுத்தப்பட்டது. அது தெரிவுக்குழுவின் பழைய தீர்ப்புகளோடு 90 முதல் 95 வீதம் வரை ஒத்துச் சென்றது. அதுவே அதன் சிறப்பு எனக் கருதப்பட்டது. பெண்களுக்கும் ஐரோப்பியரல்லாதார் எனப் பெயரால் ஊகிக்கப்பட்டோருக்கும் அந்நிரல் புள்ளியைக் குறைத்து வந்தமை பின்னர் வெளியாயிற்று. இனச் சமத்துவ ஆணைக்குழு 1988 இல் அக்கல்லூரி பாரபட்சம் காட்டியதெனத் தீர்மானித்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 பேர் இதனால் நேர்முகத்துக்கே அழைக்கப்படாதிருந்திருக்கலாம் எனக் கணிக்கப்பட்டது. நிரல் புதிதாகப் பாரபட்சம் எதையும் படைக்கவில்லை. குழுவினரின் உள்ளத்தே கிடந்ததை நன்கு கற்றுக்கொண்டது. இன்றைய பரீட்சைகள் அந்நிரலைப் போன்றவை எனக் கூறுதல் அநீதி; விண்ணப்பதாரரின் பெயரையோ பாலையோ அவை கணக்கிலெடுப்பதில்லை. எனினும் தர்க்கத்தின் அடிப்படை ஒன்றே. வல்லுநரோடு ஒத்துப்போதலே உண்மையின் அளவுகோல் எனின், வல்லுநரின் குறைபாடும் உண்மையின் பகுதியாகிவிடும்.

பூர்தியே பண்பாட்டு மூலதனம் என விளக்கியதை இங்கு நினைவுகூரலாம். வைத்தியர் வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு மேசையிலேயே தொழிலின் பேச்சுமுறையைக் கேட்டு வளர்கின்றது. எப்போது தனியே பேசுவது, எப்போது மேலிடத்தை அணுகுவது, எச்சொல் எங்கு நயமானது என்பனவற்றைக் கற்பதென அறியாமலே கற்றுக்கொள்கின்றது. மேலிடத்தோடு பேசுவது ஆபத்து என அனுபவத்தாற் கண்ட தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு ‘மேற்பார்வையாளருக்கு அறிவித்தல்’ என்ற தொடர் வேறு பொருள் தரும். இரண்டாமவரின் தயக்கத்திலும் ஓர் அறிவு உண்டு. அது புள்ளி பெறாத அறிவு.

6

இப்பரீட்சைகள் வேரூன்றிய காலத்துப் பிரித்தானியச் சூழ்நிலையை நோக்கின் எமது வாதம் மேலும் தெளிவாகும். ஸ்ரபோர்ட் வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நோயாளர் அனுபவித்த கொடுமைகள் பற்றி றொபேட் பிரான்சிஸ் தலைமையில் நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை 2013 பெப்ரவரியில் வெளிவந்தது. தண்ணீருக்குத் தவித்த முதியோர், அழுக்கிற் கிடத்தப்பட்ட நோயாளர் ஆகியோரின் கதை நாட்டையே உலுக்கிற்று. நிதி இலக்குகளையும் தன்னாட்சி அந்தஸ்தையும் எய்தும் முனைப்பில் நிருவாகம் ஆளணியைக் குறைத்தமை அறிக்கையில் விரிவாக எடுத்துக்காட்டப்பட்டது. 290 விதந்துரைகள் முன்வைக்கப்பட்டன. இதனைத் தொடர்ந்து அரசின் சுகாதாரக் கல்வி நிறுவனம் முன்னெடுத்த வேலைத்திட்டங்களுள் ஒன்று, விழுமியங்களின் அடிப்படையில் மாணவரையும் ஊழியரையும் சேர்த்துக்கொள்வது என்பதாகும். தீர்ப்புப் பரீட்சைகள் இதற்கு முன்னரே உருவாகியிருந்தன என்பது உண்மை. ஆயின் அவற்றுக்குப் புதிய நியாயமும் மொழியும் இதன்வழிக் கிடைத்தன.

நிகழ்ந்ததைச் சுருக்கிக் கூறின், ஆளணிக் குறைப்பால் விளைந்த நெருக்கடிக்குப் பரிகாரங்களுள் ஒன்றாகப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் விழுமியங்களை அளக்கும் ஏற்பாடு வலுப்பெற்றது. விடுதியிற் போதிய தாதியர் இல்லாமை அமைப்பின் முரண்பாடு. அது தனிமனிதரின் பரிவுக் குறைவாக மொழிபெயர்க்கப்படுகின்றது. பின்னர் அப்பரிவு அளக்கப்படுகின்றது. ஸ்ரபோர்டிற் கொடுமை இழைத்தோர் எவரும் பொறுப்பற்றவர் அல்லர் என்று நாம் வாதிடவில்லை, பொறுப்பு இருவகைப்பட்டது. ஒன்றை அளந்து மற்றொன்றை அளக்காது விடுவதே எமது ஆட்சேபம்.

பட்டம் பெற்று வெளியேறும் வைத்தியருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்குவதற்கும் இத்தகைய பரீட்சை 2013 முதல் பிரித்தானியாவிற் பயன்பட்டது. நூறு புள்ளிகளுள் ஐம்பது இப்பரீட்சைக்கு உரியன. பல்லாண்டுக் கல்விசார் சாதனைகளுக்கு எஞ்சிய ஐம்பது. குடும்பத்தோடு வாழும் நகரமா, நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள நகரமா என்பதை ஒரு நாட் பரீட்சை தீர்மானித்தது. 2024 ஆம் ஆண்டுச் சேர்ப்போடு இப்பயன்பாடு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த முறையிற் கணினி ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் எழுமாற்றாக ஒரு வரிசையிலக்கத்தை வழங்குகின்றது. அவரவர் விருப்பத்துக்கு முதன்மை அளித்து இடங்கள் பங்கிடப்படுகின்றன. பத்தாண்டுக்கு மேலாகத் தீர்ப்புத்திறனின் அளவு எனப் போற்றப்பட்ட எண்ணின் இடத்தைத் திருவுளச்சீட்டு எடுத்துக்கொண்டது. இம்மாற்றத்துக்கும் எதிர்ப்புகள் உண்டு. ஆயினும் பற்றாக்குறையைத் திருவுளச்சீட்டு பற்றாக்குறை என்றே ஒப்புக்கொள்கின்றது. வேண்டிய இடம் கிடைக்காதவனை நோக்கி, உன் பண்பு குறைவானது என்று அது கூறுவதில்லை.

7

இவற்றைக் கூறியபின், பழைய நேர்முகத் தேர்வுக்கு மீள்வோம் என்று எவரும் முடிவுகட்டுவராயின் அது எமது கருத்துக்கு நேர்மாறானது. சாய்வு நாற்காலியில் அமர்ந்த மூவர், தம் பழைய கல்லூரியின் கழுத்துப்பட்டியைக் கண்டு முகம் மலர்ந்த காலத்தை விட இப்பரீட்சை நியாயமானது. அங்கு புள்ளித்திட்டமே இல்லை, இங்கு உண்டு. இருப்பதாற்றான் அதனை விமரிசிக்க முடிகின்றது. இதனை ஒரு முன்னேற்றமாக ஏற்று, அதன் உள்முரண்பாட்டை வெளிப்படுத்துவதே இயங்கியல் நோக்குடையோர் செய்யத்தக்கது.

அவ்வகையில் மூன்று கோரிக்கைகள் எழுகின்றன. முதலாவது, விடையை வகுக்கும் குழுவில் வைத்தியர் மட்டுமன்றித் தாதியர், சிற்றூழியர், நோயாளர் ஆகியோரும் முடிவெடுக்கும் உரிமையோடு இடம்பெறுதல் வேண்டும். பரீட்சையிற் பயன்பட்டு ஓய்ந்த வினாக்களுக்கேனும் விடையின் காரணங்கள் வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, 0.2 அளவான இணைபுடைய ஒரு கருவி மிகக் கீழே உள்ளோரை மீள நோக்கப் பயன்படலாமேயன்றி, ஏறத்தாழச் சமமானோரை வரிசைப்படுத்தும் வாளாகப் பயன்படலாகாது. மூன்றாவது, கதைக்குள் வைத்தியசாலை வரவேண்டும். ஆளணி, கடமை நேரம், நிதி, கூட்டுச் செயல் ஆகியவை இடம்பெறும் சூழ்நிலைகளை எழுதி, அவற்றுக்கு வல்லுநர் உடன்பட்ட விடை தர இயலாதாயின் அவ்வியலாமையையே ஆராய்ச்சிப் பொருளாக்க வேண்டும். நீக்கப்பட்ட வினாக்களின் தொகுப்பொன்று வெளிவருமாயின், பயன்பட்ட வினாக்களை விட அது மருத்துவத் தொழிலைப் பற்றி அதிகம் கூறும் என்பது எமது துணிபு.

இலங்கையில் மருத்துவபீட அனுமதி இன்றும் க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றையே அடிப்படையாகக் கொண்டது. 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டக் குடித்தொகைக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்ட முறையும், அதற்கு முன்னோடியாக 1970களில் வந்த தரப்படுத்தலும் கிளறிய வேதனைகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்விவாதம் எவ்வளவு கசப்பானதாயினும் அதன் பொருள் வெளிப்படையானது: எம்மொழியினருக்கு, எம்மாவட்டத்தாருக்கு, எத்தனை இடம்? பண்பை அளக்கும் பரீட்சையிற் பங்கீடு பற்றிய இவ்வினா மறைந்துவிடுகின்றது. அங்கு இடம் கிடைக்காமை அநீதியாகத் தோன்றாது, குறைபாடாகவே தோன்றும். பொதுமருத்துவப் பயிற்சி நாடிப் பிரித்தானியா செல்லும் எமது வைத்தியர் அங்கு இத்தகைய வினாத்தாளை ஏற்கனவே எதிர்கொள்கின்றனர். நாளை இக்கருவி இங்கும் வருமாயின் அதன் ஆங்கில வினாக்களைச் சிங்களத்திலும் தமிழிலும் பெயர்த்தால் மட்டும் போதாது. இங்குள்ள விடுதியில் இரவில் எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர் என்பதிலிருந்து கதை தொடங்க வேண்டும்.

சூழ்நிலையைக் கொடுத்து மனிதனை அளப்பது ஒரு வகை. மனிதரைக் கேட்டுச் சூழ்நிலையை அளப்பது மற்றொரு வகை. முதலாவதற்கு இருபது ஆண்டுக்கு மேற்பட்ட செழுமையான ஆராய்ச்சி உண்டு. இரண்டாவதற்கான வினாத்தாளை எழுதும் பொறுப்பு, உளவியலாளரிடம் மட்டும் விடத்தக்கதன்று.